மணிக்கட்டு வலிக்கு நீவி விடலாமா? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறியில் உட்காருகிறவர்கள், சிவதாபுரம் பக்கம் கொலுசுக்கு வளையம் கோர்க்கிறவர்கள், ஐந்து ரோட்டில் நாளெல்லாம் கணினியில் தட்டுகிறவர்கள் எல்லோருக்கும் வேலை வேறு வேறு. கையில் வலிக்கிற இடம் மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிசியோதெரபிஸ்டாக இந்த ஊரில் என் காதில் அன்றாடம் விழும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீவி விட்டால் வலி தணியும். ஆனால் வலியை உண்டாக்கிய வேலைமுறை அப்படியே இருந்தால் அடுத்த வாரமே அது திரும்ப வந்து நிற்கும். அதனால் மசாஜ் பற்றிக் கேட்டாலும் பல இடங்களில் வேலையைப் பற்றியே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழே விழவில்லை, அடிபடவில்லை. பிறகு எப்படிங்க மணிக்கட்டு வலிக்கும்?

அடிபட்டால்தான் வலிக்கும் என்பதில்லை. கொலுசுக்கு வளையம் கோர்க்கிற பெண்மணி ஒரு நாளில் கையிலுள்ள குறடை எத்தனை முறை அழுத்தி விடுகிறார் என்று எண்ணிப் பார்த்திருப்பாரா? ஒவ்வொரு அழுத்தமும் சிறியதுதான். தசைக்கும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாருக்கும் நடுநடுவே ஓய்வு கிடைத்தால் சரியாகிவிடும். ஓய்வே கிடைக்காமல் அதே அசைவு, அதே கோணம், அதே பிடி என்று மாதக்கணக்கில் போனால் தசை இறுகுகிறது, தசைநாரும் அதைச் சுற்றியுள்ள உறையும் எரிச்சலடைகின்றன, சிலருக்கு நரம்பும் நெருக்கப்படுகிறது.

இது கணினி வந்த பிறகு வந்த நோய் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஓயாமல் எழுதியே கை தளர்ந்துபோன எழுத்தர்களைப் பற்றி இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1713-லேயே எழுதிவைத்திருக்கிறார். நம் ஊரில் தறி முன்னால் உட்கார்ந்த எந்தத் தாத்தாவைக் கேட்டாலும் அவரும் அதையேதான் சொல்வார்.

தட்டுவடை செட் போடுகிற கடைக்காரரை மறந்துவிடக் கூடாது. பீட்ரூட்டும் கேரட்டும் தினமும் கூடை கூடையாகத் துருவுகிறார். அந்தக் கையும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

வலிக்கிறது மணிக்கட்டில். நீங்கள் முழங்கைக்குக் கீழே போய் அமுக்குகிறீர்களே?

எல்லோரும் கேட்கிற கேள்வி. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்கு நாலு விரல் கீழே, லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது வலது கை விரல்களைப் பியானோ வாசிப்பதுபோல் ஆட்டுங்கள். பிடித்திருக்கிற கைக்குள் சதை நெளிவது தெரிகிறதா? விரல்களை மடக்குகிற, நீட்டுகிற பெரிய தசைகள் எல்லாம் முன்கையில்தான் இருக்கின்றன. அவற்றிலிருந்து கயிறு மாதிரி நீளும் தசைநார்கள்தான் மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. மடக்கும் தசைகளில் பல முழங்கையின் உள்பக்க எலும்பு முனையிலிருந்தும், நீட்டும் தசைகளில் பல வெளிப்பக்க முனையிலிருந்தும் கிளம்புகின்றன.

உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. எட்டு சிறு எலும்புகள் அடியிலும் பக்கங்களிலும், மேலே ஒரு தடித்த பட்டை. அந்த இடுக்கு வழியாக ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் போகின்றன. அங்கே அமுக்குவதற்குச் சதையே இல்லை. ஏற்கெனவே நெருக்கடியான இடத்தில் நாமும் கட்டைவிரலை வைத்துக் குத்தினால் எரிச்சல் கூடத்தான் செய்யும். இறுகியிருப்பது முன்கைச் சதை. அது இளகினால் கீழே இழுபடுகிற தசைநாருக்கும் பாரம் குறையும். ஆகவே மணிக்கட்டு வலி என்று வருகிறவருக்குப் பத்தில் எட்டுப் பங்கு நேரம் முன்கையில்தான் என் கை இருக்கும்.

மசாஜ் நிஜமாகவே குணப்படுத்துமா? இல்லை, அந்த நேரத்துச் சுகம் மட்டும்தானா?

இரண்டுக்கும் நடுவில் என்பதுதான் நேர்மையான பதில். கை, மணிக்கட்டு வலிக்கு மசாஜ் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றில் பலவற்றில் வலி குறைந்திருக்கிறது, பிடியின் வலு கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் பார்த்த காலம் சில வாரங்கள்தான். வருடக்கணக்கில் பலன் நிற்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது.

எப்படி வேலை செய்கிறது? இதமான அழுத்தம் வலிச் செய்தி மூளைக்குப் போவதைக் கொஞ்ச நேரம் மட்டுப்படுத்துகிறது. இறுகிய தசை தளர்கிறது. உடம்பு முழுக்க ஒரு ஆசுவாசம் கிடைப்பதால் தூக்கமும் நன்றாக வருகிறது, தூங்கி எழுந்தவருக்கு வலி தாங்கும் சக்தியும் கூடும். ‘கெட்ட நீரை வடித்துவிடும்’, ‘முடிச்சை உடைத்துவிடும்’, ‘அடைத்த நரம்பைத் திறந்துவிடும்’ என்றெல்லாம் விளம்பரப் பலகையில் எழுதியிருந்தால் நம்ப வேண்டாம்.

என் கணக்கில் மசாஜ் நமக்குக் கொஞ்ச நாள் அவகாசம் வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தில் பயிற்சியைத் தொடங்கி, வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டால் லாபம்.

வீட்டிலேயே நானாகச் செய்துகொள்வது எப்படி?

நாற்காலியில் உட்காருங்கள். மேசை மேல் தலையணை, அதன் மேல் வலிக்கிற கை. தோள் தூக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. தரையில் உட்காருகிற பழக்கம் என்றால் மடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முன்கையில் ஐந்து நிமிடம் சுற்றிவையுங்கள். அப்புறம் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் போதும். வழிய வழிய ஊற்றினால் சதை பிடிபடாமல் வழுக்கும்.

முதலில் உள்ளங்கையை முழுதாகப் பதித்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை நோக்கி மெதுவாக நீவுங்கள். ஒரு நிமிடம் இப்படி. இது சதையைப் பழக்குவதற்கு, அழுத்தம் வேண்டாம்.

அடுத்து முன்கையின் உள்பக்கச் சதையைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் பிடித்து, சப்பாத்தி மாவு பிசைகிற வேகத்தைவிட மெதுவாகப் பிசையுங்கள். பிசைந்துகொண்டே போகும்போது ஓரிடத்தில் ‘ஆ, அங்கேதான்’ என்று தோன்றும். பெரும்பாலும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அங்கே நிறுத்தி அழுத்திப் பிடியுங்கள். எவ்வளவு அழுத்தம்? பத்துக்கு நாலு, ஐந்து என்று சொல்லக்கூடிய வலி, மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் பேச முடிகிற அளவு. இருபது முப்பது வினாடியில் அந்த வலி தானாகவே தணிவது தெரியும். தணியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

பிறகு கையைக் கவிழ்த்து, முன்கையின் வெளிப்பக்கம். கணினிக்காரர்களுக்கும் தையல்காரர்களுக்கும் பெரும்பாலும் இங்கேதான் அதிகம் பிடித்திருக்கும். முழங்கையின் வெளி எலும்புக்கு இரண்டு விரல் கீழே தொடங்கி அதே மாதிரி பிசையுங்கள். வலி தெரிகிற இடத்தை அமுக்கிப் பிடித்தபடியே மணிக்கட்டை மெதுவாக மேலும் கீழும் ஐந்தாறு முறை அசைத்தால் இன்னும் நன்றாக இளகும்.

கடைசியாக உள்ளங்கை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள மேட்டைச் சிறு வட்டங்களாகத் தேய்த்து, ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை லேசாக உருவி விடுங்கள். சொடக்கு எடுக்க வேண்டாம். மணிக்கட்டு ரேகை உள்ள இடத்தில் வெறும் தடவல் மட்டும்.

முடிந்ததும் கையை முன்னால் நீட்டி, மற்ற கையால் விரல்களைப் பின்னோக்கி இதமாக இழுத்து 15 முதல் 20 வினாடி நிறுத்துங்கள். அப்புறம் விரல்களைக் கீழ்நோக்கி மடக்கி அதே அளவு. இரண்டு கைக்கும் சேர்த்துக் கால் மணி நேரத்துக்குமேல் ஆகாது. தினமும் ஒரு முறை, வேலை முடிந்த பிறகு.

ஒரு எச்சரிக்கை. வலது கையைக் குணப்படுத்தப் போய் இடது கட்டைவிரலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. (எங்கள் தொழிலிலேயே கட்டைவிரல் வலி சகஜம், அதனால் சொல்கிறேன்.) மேசையில் டென்னிஸ் பந்தை வைத்து அதன்மேல் முன்கையை உருட்டலாம். பூரிக்கட்டையை மேசையில் வைத்தும் உருட்டலாம். வீட்டில் யாராவது செய்துவிட்டால் இன்னும் நல்லது, ‘போதும்’ என்றால் நிறுத்துகிற ஆளாக இருக்க வேண்டும்.

மறுநாள் கொஞ்சம் கனத்த மாதிரி வலித்தால் பரவாயில்லை. அது ஒரு நாளைத் தாண்டினாலோ, கன்றிப்போய் நீலம் பாய்ந்தாலோ அழுத்தம் அதிகம் என்று பொருள்.

எந்த எண்ணெய் நல்லது? ஏற்காட்டில் வாங்கின தைலம் இருக்கிறது, போடலாமா?

எண்ணெய் வழுக்குவதற்குத்தான். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் சரி. நீலகிரித் தைலம், கற்பூரம், மென்தால் கலந்தவை தோலில் குளிர்ச்சியோ காந்தலோ உண்டாக்கி வலியை மறக்கடிக்கும், அதிலும் தவறில்லை. தோல் சிவந்து அரித்தால் நிறுத்துங்கள். காந்துகிற தைலமோ களிம்போ போட்ட இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், தோல் வெந்துவிடும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் எழுதித் தந்த வலி ஜெல்லை மெல்லிசாகத் தடவினால் போதும். அதைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதால் கூடுதல் பலன் கிடையாது.

நெசவாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எண்ணெய்க் கையோடு தறிக்குப் போனால் பட்டுப் பாவில் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில்) கறை விழும், சேலைக் கூலியில் பிடித்துவிடுவார்கள். அதனால் மசாஜ் எப்போதும் தறியை விட்டு எழுந்த பிறகுதான். நடுவில் வலித்தால் எண்ணெய் இல்லாமல் சட்டைக்கு மேலாகவே அமுக்கலாம். கொலுசு பற்றவைக்கிறவர்களும் அப்படியே: தைலம் தடவிய கையோடு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்துவிடுகிறேன். உதறினால் சரியாகிறது. இதற்கும் மசாஜ்தானா?

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்தச் சொல்வேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றில் எறும்பு ஊர்வது, இரவில் எழுப்புவது, கையை உதறினால் தணிவது என்றால் மணிக்கட்டு இடுக்கில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கார்ப்பல் டனல் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். இரண்டு புறங்கைகளையும் ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்த விரல்களில் மரப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. அது மட்டுமே முடிவாகாது. நரம்பில் மின்னோட்டம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது.

முதல் வைத்தியம், இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை. மருந்துக்கடையில் கிடைக்கும், உள்ளே தகடு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். தூக்கத்தில் நாம் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம், அதனால்தான் இரவில் அதிகம். சில வாரங்கள் விடாமல் போட்டால் பலருக்குத் தணிகிறது. முன்கையில் இதமான மசாஜ் கூடவே செய்யலாம். உள்ளங்கையின் அடிப்பகுதியிலும் மணிக்கட்டிலும் அழுத்தக் கூடாது.

சர்க்கரை, தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், கர்ப்பம் இவை இருந்தால் இது வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துவிடுவது நல்லது. கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானே விலகும். மற்றபடி, கட்டைவிரல் மேடு வற்றிப் பள்ளமாகத் தெரிந்தாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் பொருள் கைநழுவினாலோ, மரப்பு பகலிலும் விடாமல் இருந்தாலோ தைலத்தை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். நாள் கடத்தினால் நரம்பு முழுதாகத் தேறாமல் போகலாம்.

சுண்டுவிரல் பக்கம் மட்டும் மரத்தால் கதை வேறு. அந்த நரம்பு முழங்கையின் உள்பக்கம் வழியாகப் போகிறது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி போன் பார்க்கிற பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். கழுத்திலிருந்தும் கை மரக்கும், அதைப் பிரித்துச் சொல்ல நேரில் பார்க்க வேண்டும்.

கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் சுளீர் என்கிறது. குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது.

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி மூடி, கையைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அந்த இடத்தில் கத்தி குத்தின மாதிரி வலித்தால், மற்ற கையில் அப்படி இல்லாவிட்டால், கட்டைவிரலைத் தூக்கும் இரண்டு தசைநார்களின் உறை தடித்திருக்கலாம். சுவிஸ் அறுவை மருத்துவர் டி கெர்வைன் 1895-ல் விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் பேரனைத் தூக்கும் பாட்டிகளுக்கும் சகஜம். குறடு பிடிக்கிறவர்களுக்கும் வரும்.

வலிக்கிற புள்ளியையே தேய் தேய் என்று தேய்ப்பது உதவாது. முன்கையின் வெளிப்பக்கத்தையும் கட்டைவிரல் மேட்டையும் நீவுங்கள், வலிக்கிற இடத்துக்குத் துணி சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை இருக்கிறது, சாதாரண மணிக்கட்டுப் பட்டை இதற்குப் போதாது. குழந்தையை அக்குளில் இரு கையையும் கொடுத்துத் தூக்காமல், ஒரு கை முதுகுக்குக் கீழும் மற்றது பிட்டத்துக்குக் கீழும் கொடுத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி அள்ளி எடுங்கள். இதை மாற்றினாலே பாதி வலி போகிறவர்கள் இருக்கிறார்கள்.

விரலை மடக்கினால் மாட்டிக்கொள்கிறது, ‘டக்’ என்று நிமிர்கிறது.

மசாஜால் தீராது. தசைநார், விரல் அடியில் உள்ள வளையத்தில் சிக்குகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். ஆரம்பத்தில் பட்டையும் ஓய்வும், தேவைப்பட்டால் ஊசி. எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் ஊரில் சுளுக்கு எடுக்கிற பெரியவர் இருக்கிறார். அவரிடம் போகலாமா?

பதமாக எண்ணெய் போட்டு நீவி விடுகிற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்கள் கையில் ஒரு பக்குவம் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம் எல்லாம் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து ‘சொடக்’ என்று சத்தம் வரவைப்பதில்தான். ஓயாத வேலையால் வந்த வலியில் எதுவும் இடம் மாறியிருப்பதில்லை, இழுத்துச் சேர்க்க அங்கே ஒன்றும் இல்லை.

கையை ஊன்றி விழுந்த பிறகு வந்த வலி என்றால் யாரிடமும் நீவ வேண்டாம், முதலில் எக்ஸ்ரே. கட்டைவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியில் அமுக்கினால் வலிக்கிறது என்றால் உள்ளே சின்ன எலும்பு ஒன்றில் கீறல் இருக்கலாம். அது முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும், பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அதைச் சுளுக்கு என்று உருவி உருவி, எலும்பு சேராமல் போனவர்கள் உண்டு.

யாருக்கு மசாஜ் கூடாது?

கை சிவந்து சூடாக வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் கூடாது. தோலில் புண், தீக்காயம் இருந்தால் அந்த இடத்தில் கூடாது. வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்குச் சின்னச் சின்னச் சூடு பட்ட இடம் எப்போதும் இருக்கும், கவனியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆழமான அழுத்தம் ஆகாது. டயாலிசிஸ் செய்வதற்காகக் கையில் ரத்தக்குழாய் இணைப்பு போட்டிருந்தால் அந்தக் கையைத் தொடவே கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அக்குளில் கட்டி எடுத்தவர்கள், அந்தப் பக்கக் கைக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

சர்க்கரையால் கை உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரின் சூட்டை அந்தக் கையால் சோதிக்கக் கூடாது, வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும்.

இன்னொன்று. இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கி, காலையில் எழுந்ததும் அரை மணி, ஒரு மணி நேரம் மடக்கவே முடியவில்லை என்றால் அதை வேலை வலி என்று தள்ளிவிடாதீர்கள். முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் மூட்டு கோணாமல் தப்பும்.

நாங்கள் ஏற்காட்டுத் தோட்டத்தில் காபிப் பழம் பறிக்கிறோம். காலையில் விரலே மடங்காது. என்ன செய்வது?

1500 மீட்டர் உயரம், மார்கழிப் பனி, ஈரச் செடி. குளிரில் தசையும் மூட்டும் இறுகித்தான் இருக்கும், அந்தக் கையால் உடனே பறிக்கப் போனால் வலி வராமல் என்ன செய்யும்? அராபிகாவில் பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே திருகலை நாள் முழுக்கச் செய்கின்றன.

உங்களுக்கு மசாஜைவிடக் காலைச் சூடுதான் முக்கியம். டீ டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொள்வதில் தொடங்குங்கள். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து முஷ்டியை மூடித் திறவுங்கள், உள்ளங்கைகளை உரசிக்கொள்ளுங்கள், அப்புறம் தோட்டம். விரல் நுனி திறந்த கம்பளிக் கையுறை பறிப்பதற்கு இடைஞ்சல் செய்யாது. ஒரு செடிக்கு வலது கை, அடுத்ததற்கு இடது என்று பழகினால் வேகம் முதலில் குறையும், பிறகு பழகிவிடும். மாலையில் மேலே சொன்ன மசாஜ், கட்டைவிரல் மேட்டுக்குக் கூடுதல் நேரம். குளிரில் விரல் வெள்ளை வெளேரென்று மாறி, நீலமாகி, பிறகு சிவந்தால் அது ரத்தக்குழாய் சமாச்சாரம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மசாஜ் கன் வாங்கலாமா?

வாங்கியிருந்தால் முன்கைச் சதையில், குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். மணிக்கட்டிலும் எலும்பின் மேலும் வேண்டாம். அதிர்வுக் கருவிகளோடு நாளெல்லாம் வேலை செய்கிறவர்களுக்கே கை நரம்புத் தொல்லை வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். வாங்காதவர்களுக்குப் பூரிக்கட்டை போதும்.

ஓய்வெடு என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். துண்டுக் கணக்கில் கூலி, எப்படி நிறுத்துவது?

நிறுத்தச் சொல்லவில்லை. தீபாவளி ஆர்டர் இருக்கிற மாதத்தில் ‘ஒரு மாதம் வேலைக்குப் போகாதே’ என்று சொல்கிற வைத்தியம் யாருக்கும் உதவாது. ஆனால் அரை மணிக்கு ஒரு முறை அரை நிமிடம் கையைத் தொங்கவிட்டு உதறி, விரலை விரித்து மடக்கினால் ஒரு நாளில் போகிற நேரம் ஒரு டீக்குப் போகிற நேரம்தான். மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் உட்கார்ந்துவிட்டு அப்புறம் அரை மணி படுப்பதைவிட இது நல்லது.

குறட்டின் பிடி மெல்லிசாக இருந்தால் விரல் அதிகம் இறுக்க வேண்டியிருக்கும். சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றிக்கொள்ளுங்கள், காசு செலவில்லை. ஸ்பிரிங் வைத்து தானாகத் திறந்துகொள்ளும் குறடு இருந்தால் பாதி வேலை மிச்சம். தையல்காரர் என்றால் கத்தரிக்கோலைச் சாணை பிடித்துவிடுங்கள், மழுங்கின கத்தரியே பாதி கை வலிக்குக் காரணம். வேலையை அடுக்குகிற வரிசையையும் பாருங்கள். காலை முழுக்க வளையம் கோர்த்து, மாலை முழுக்கக் கொக்கி போடுகிறீர்களா? கொஞ்சம் அது, கொஞ்சம் இது என்று மாற்றுங்கள். தறியில் பழைய பாவு நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கி இணைக்கும் நாளில் இரண்டு பேர் மாறி மாறி உட்காருங்கள், அந்த முறுக்கல் கட்டைவிரலைக் கொல்லும்.

தரையில் உட்கார்ந்து மடியில் வைத்து வேலை செய்தால் கழுத்தும் மணிக்கட்டும் ஒருசேர மடங்குகின்றன. முழங்கை உயரத்துக்கு ஒரு பலகை, மேலே நல்ல வெளிச்சம், இரண்டும் இருந்தால் மணிக்கட்டு நேராக நிற்கும். கணினிக்காரர்களுக்கும் இதே விதிதான்: விசைப்பலகை முழங்கை உயரம், மவுஸ் பக்கத்திலேயே, மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றாமல். ஏற்காட்டுக்குப் பைக்கில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இடது கை படுகிற பாடு மெக்கானிக்கிடம் தீர வேண்டியது.

முதலாளிகளிடமும் ஒன்று சொல்லலாம். நல்ல குறடு வாங்கித் தருவது, கைதேர்ந்த ஆளை இழப்பதைவிட மலிவு.

வெந்நீரா, ஐஸா?

புதிதாக வீங்கி, தொட்டால் சுடுகிறது என்றால் ஐஸ், துணி சுற்றி பத்து நிமிடம். பழைய வலி, இறுக்கம் என்றால் வெந்நீர். குழப்பமாக இருந்தால் எது இதமாக இருக்கிறதோ அதுவே சரி.

மசாஜோடு பயிற்சியும் வேண்டுமா?

கட்டாயம். இளகிய தசைக்கு வலு ஏறாவிட்டால் அதே வேலை அதை மறுபடி இறுக்கிவிடும். கடும் வலி தணிந்த பிறகு தொடங்குங்கள். ஐந்து விரல் நுனிகளையும் சேர்த்து ரப்பர் பேண்டு மாட்டி, விரல்களை விரித்து மெதுவாக மூடுங்கள், பத்துப் பதினைந்து முறை. நாள் முழுக்கப் பிடிக்கிற கைக்கு விரிக்கிற தசைதான் பலவீனம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மணிக்கட்டை மற்ற கையால் மேலே தூக்கிவிட்டு, தானாக மெல்ல மெல்லக் கீழே இறக்குவது இன்னொன்று. வாளியில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையை விட்டு விரல்களை விரித்து மூடுவதும் நல்ல பயிற்சி. சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை கிடைக்கிற வீடு என்றால் அதையும் பயன்படுத்தலாம், சமையலறையில் திட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

மென்பந்தை அழுத்து அழுத்து என்று அழுத்தும் பயிற்சியை மட்டும் நான் கொடுப்பதில்லை. ஏற்கெனவே அழுத்தியே வலி வந்த கைக்கு மேலும் அழுத்தல் எதற்கு?

காசு அதிகம் செலவாகாமல் எங்கே காட்டலாம்?

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு வெளிநோயாளியாகக் காட்டினால், தேவைப்பட்டால் அங்கிருந்தே இயன்முறை சிகிச்சைக்கு (பிசியோதெரபிக்கு) அனுப்புவார்கள். மில், கம்பெனியில் வேலை செய்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அந்த அட்டையைப் பயன்படுத்துங்கள், வீட்டிலிருந்து கொலுசு வேலை செய்கிற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் அது இல்லை. வெளியே வர முடியாத முதியவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தனியாரிடம் போனால் முதல் நாளில் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். எதுவும் கேட்காமல் பத்து நாள் மசாஜ் பேக்கேஜ் எழுதிக் கொடுத்தால் வேறு இடம் தேடலாம்.

எத்தனை நாள் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்?

மரப்பு, வீக்கம், வலுக்குறைவு எதுவும் இல்லாத வெறும் வலி என்றால் தினசரி மசாஜ், பயிற்சி, வேலையில் மாற்றம் மூன்றையும் சேர்த்து மூன்று நாலு வாரம் செய்து பாருங்கள். இரண்டு வாரத்திலேயே காலை நேர இறுக்கமாவது குறைய வேண்டும். நாலு வாரத்தில் வலியில் மாற்றமே இல்லை என்றால் காட்டுங்கள். போகும்போது உங்கள் குறடையோ கத்தரிக்கோலையோ கையோடு எடுத்துப் போங்கள், தறி என்றால் வேலை செய்வதைப் பிள்ளைகளைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ‘எப்படி வேலை செய்வீர்கள்?’ என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை வாயால் சொல்ல முடியாது.